வலைக்கு வெளியே நின்ற படகு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே ஹெர்மினாவின் மூட்டைகள் எல்லாம் துறைப்பாலத்தில் அடுக்கியாகிவிட்டன. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, எலுமிச்சை, கொஞ்சம் ஈரப்பலா. நாற்பத்தொரு மூட்டை. படகும் வந்துவிட்டது. வந்து என்ன பிரயோஜனம்? குடாவுக்கு வெளியே, தெற்கு முனைக்கு அப்பால் ஆடிக்கொண்டு நின்றது. உள்ளே வர முடியாது. குடாவில் வலை கிடந்தது.

எங்கள் ஊரான ஆன்ஸ் தோரியில் கரைவலை இறங்கிவிட்டால் இன்ஜின் வைத்த எதுவும் உள்ளே வரக்கூடாது. ஒரு தடவை மந்திரியே வந்து, முனையில் நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இன்ஜின் சத்தத்துக்கு மீன் மிரண்டு வலையைக் கிழித்துவிடும் என்பார்கள். கிழிக்குமோ கிழிக்காதோ, எங்கள் துறையில் அதுதான் வழக்கம், அதைக் கேள்வி கேட்டவர் இல்லை. மிதவைக் கயிற்றைத் தாண்டி ஒரு துடுப்புப் படகுகூடப் போகாது. தாண்டினவனோடு ஒரு வருஷத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

மற்ற நாட்களில் இது பெரிய விஷயமில்லை. விடியற்காலையில் வலை இறங்கும், மதியத்துக்குள் இழுத்துவிடுவார்கள். படகின் கேப்டன் எவரார்ட் அதற்குள் வெளியே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். இந்த முறை செவ்வாய்க்கிழமை இறங்கிய வலை மூன்றாவது நாளாகக் கிடக்கிறது. மழையில் மலைச்சாலை சரிந்து, நகரத்திலிருந்து ஐஸும் வரவில்லை, மீன் வாங்க லாரியும் வரவில்லை. வலைக்குள்ளோ குட்டிப் பாரை மீன் கொள்ளாமல் கிடக்கிறது. கரையில் ஏற்றினால் நாலு மணி நேரத்தில் நாறும். தண்ணீரில் விட்டுவைத்தால் உயிரோடு இருக்கும். அதனால் வலையைக் கல் கட்டி நிறுத்திவிட்டு, காலையில் ஊருக்கு வேண்டியதை மட்டும் கூடையில் அள்ளி, சங்கு ஊதி விற்றுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாலை திறந்துவிடும் என்று வானொலியில் சொன்னார்கள். அதுவரை வலை கிடக்கட்டும் என்று வலைக்குத் தலைவனான சம்மாட்டி சொல்லிவிட்டான்.

வலைச் சம்மாட்டியின் பெயர் ஒக்தாவ். ஹெர்மினாவோடு பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன். இருவருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது.

"போய்க் கேளேன்டி" என்றாள் கிளோத்தில். அவளும் வியாபாரக்காரிதான். ஆறே ஆறு மூட்டையோடு வந்திருந்தாள். இந்த வாரம் போகாவிட்டால் அடுத்த வாரம் போவாள், அவளுக்கு ஒன்றும் குடி முழுகாது. மூட்டை மேல் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"யார்ட்ட கேக்க?"

"போப்பாண்டவர்கிட்ட. யார்ட்டயாம்! அதோ உக்காந்திருக்கானே, அவன்கிட்டதான்."

"அதுக்கு நான் இந்த மூட்டையெல்லாம் தலையில வெச்சு ஆன்டிகுவாவுக்கு நீந்தியே போயிருவேன்."

"போ. முட்டி வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் அனத்துறவ நீந்தப் போறாளாம்."

முட்டி வலி உண்மை. ஹெர்மினாவுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொன்றில் ரெண்டு சாக்கு எலுமிச்சையோடு ஆரம்பித்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஏறினால் வெள்ளிக்கிழமை மதியம் ஆன்டிகுவா தீவு. சனிக்கிழமை சந்தை. திங்கட்கிழமை இரவு ஏறி செவ்வாய்க்கிழமை வீடு. புதன்கிழமை முழுக்க மலையேறித் தோட்டம் தோட்டமாக அலைந்து சரக்குப் பிடிப்பது. இருபத்தாறு வருஷமாக வாரத்தில் இரண்டு இரவு அவளுடைய படுக்கை படகின் மேல்தட்டுதான். தார்ப்பாய்க்கு அடியில், தன் வாழைக்காய் மேலேயே, அலை நீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கத் தூங்கியிருக்கிறாள். இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை, படுத்திருப்பதோடு சரி.

ஒக்தாவோடு பிரிந்ததும் இதனால்தான். அவன் கடலிலிருந்து வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள், அவள் வரும்போது அவன் வலைக் கொட்டகையில் இருப்பான். ஒருநாள் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "ஒன்னு படகு, இல்ல நான்" என்றான். அவள் மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு அக்காளின் பழைய வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மெத்தை அவள் காசில் வாங்கியது என்று ஊர் முழுக்கச் சொன்னாள். அதற்கப்புறம் வலைக் கொட்டகை இருக்கும் வடக்குக் கரைப் பக்கம் கால் வைத்ததில்லை.

பதினொரு மணிக்கு டிட்டூஸ் மிதவைக் காவலிலிருந்து துடுப்புப் போட்டு வந்தான். வலைக்காரர்களில் அவன்தான் ஒக்தாவுக்கு அடுத்தவன். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள், முப்பத்தைந்து வயதாகியும் பையன்தான்.

"ஹெர்மினாக்கா, கேப்டன் கத்திச் சொன்னாரு. அஞ்சு மணி வரைக்கும்தான் நிப்பாராம். அப்புறம் அடுத்த துறைக்குப் போயிடுவாராம்."

"வேற ஒன்னும் சொல்லலயா?"

"சொன்னாரு. அத பொம்பளைங்க முன்னாடி சொல்ல முடியாது."

கிளோத்தில் சிரித்தாள். ஹெர்மினா சிரிக்கவில்லை. மூட்டைகளை முனைக்குச் சுமந்துபோய்ப் பாறையிலிருந்து ஏற்றலாமா என்று காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அலை பாறையை அறைந்துகொண்டிருந்தது. மூட்டை என்ன, ஆளே மிஞ்சமாட்டார். அடுத்த துறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் சாலை இல்லை.

சரக்கு போனால் போகட்டும். வாழைக்காய் பழுத்தால் ஊர்ப் பன்றிகளாவது கொழுக்கும். அவளுடைய கவலை சரக்கு இல்லை, மேசை. ஆன்டிகுவா சந்தையில் தண்ணீர்க் குழாயிலிருந்து மூன்றாவது மேசை அவளுடையது. பதினோரு வருஷம் வெளியே தரையில் சாக்கு விரித்து வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்த பிறகு கிடைத்தது. இரண்டு சனிக்கிழமை சேர்ந்தாற்போல் மேசை காலியாகக் கிடந்தால் வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்குப் போய்விடும். என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. போன வாரம் கடல் கொந்தளித்துப் படகே வரவில்லை. ஆக ஒரு சனிக்கிழமை போய்விட்டது. இந்தச் சனிக்கிழமையும் போனால் மறுபடியும் தரை, மறுபடியும் சாக்கு. இந்த முட்டியோடு அவளால் தரையில் உட்காரவும் முடியாது, வேறு பிழைப்பும் தெரியாது.

ஒரு மணிவரை பொறுத்தாள். இரண்டுவரை பொறுத்தாள். அவன் வேண்டுமென்றேதான் இழுக்காமல் இருக்கிறான் என்று கிளோத்திலிடம் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஒக்தாவ் முரடன், வீம்புக்காரன், ஆனால் மீன் விஷயத்தில் வீம்பு பார்க்கிறவன் இல்லை. இரண்டரை மணிக்குத் தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, கரையோரமாக வடக்கே நடந்தாள்.

அந்தக் கரை என்ன, ஐந்நூறு அடி இருக்கும். அவளுக்கு அது முடியவே முடியாத தூரமாக இருந்தது. கூழாங்கல் கால்களைப் புரட்டியது. வலைக்காரர்கள் ஆங்காங்கே படுத்திருந்தார்கள். தாயம் ஆடிக்கொண்டிருந்த இருவர் கட்டையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒக்தாவ் கவிழ்த்துப்போட்ட படகின் மேல் உட்கார்ந்து, சுட்ட ஈரப்பலாவைக் கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது இவ்வளவு தெரியவில்லை.

"ஒக்தாவ்."

"பரவால்லையே, பேரு ஞாபகம் இருக்கு."

"படகு அஞ்சு மணிக்குக் கிளம்பிரும்."

"எந்தப் படகு?"

"விளையாடாத. எனக்குத் தெம்பு இல்ல."

அவன் ஈரப்பலாத் துண்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அதை அவனே வாயில் போட்டுக்கொண்டான். மென்று விழுங்கும்வரை இருவரும் கடலைப் பார்த்தார்கள். வலைக்குள் தண்ணீர் கறுத்துப்போய் இருந்தது. அவ்வளவு மீன்.

"நீ எதுக்கு வந்தேன்னு வாயத் திறந்து சொல்லு" என்றான்.

"வலைய இழு."

"உள்ள எவ்வளவு கெடக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"ஐஸ் இல்ல. லாரி இல்ல. ஊர்ல உப்பு ரெண்டு மூட்டைதான் இருக்கு. தெரியுமா?"

"தெரியும். சனிக்கிழம மேசையில நான் இருக்கணும்."

அவன் கத்தியைத் தொடையில் துடைத்தான். "போன வாரமும் போகல இல்ல?"

"உனக்கு யாரு சொன்னா?"

"சனிக்கிழம உன் அடுப்புல பொக வந்துச்சு."

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவன் எதற்கு என் அடுப்பைப் பார்க்கிறான்? ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"கேக்கிறேன் ஒக்தாவ்" என்றாள். "கேக்கத்தான் வந்தேன். வேற என்ன சொல்லணும்?"

அவன் எழுந்தான். சங்கை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதினான். படுத்திருந்தவர்கள் அரைத் தூக்கத்தில் எழுந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சம்மாட்டி, இப்பவா?" என்று டிட்டூஸ் தண்ணீரிலிருந்து கத்தினான்.

"இப்பதான். கயித்தப் புடி."

"ரோடு..."

"கயித்தப் புடின்னேன்."

சம்மாட்டி இழு என்றால் இழுக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. வலையில் வீட்டுக்கு ஒரு பங்காக இருந்த பதினெட்டுப் பேரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து இழுத்தார்கள். ஹெர்மினா நின்று பார்க்கவில்லை. விறுவிறுவென்று துறைப்பாலத்துக்குத் திரும்பினாள். நாலேகாலுக்கு வலையின் மடி மீனோடு கரையேறியது. நாலரைக்குப் படகு உள்ளே வந்தது. கேப்டன் எவரார்ட் மூன்று நாள் தாடியோடு மேலே நின்று, "ஏத்துங்க, ஏத்துங்க, என் உயிர வாங்குறதுக்குன்னே ஒரு துறை" என்று திட்டிக்கொண்டே இருந்தார். கடைசி மூட்டை ஏறும்போது மணி ஐந்தரை. படகு திரும்பும்போது அவள் வடக்குக் கரையைப் பார்த்தாள். மணலில் மீன் இடுப்பளவு குவிந்து மின்னிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள் யாரும் ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. நிறைய மீன் பட்ட நாளில் அந்தக் கரை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குள் போனபோது, மேற்பார்வையாளர் மூன்றாவது மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரோடு ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தை, கையில் நாலாக மடித்த காகிதம், வரிசைச் சீட்டு.

"வந்துட்டியா?" என்றார் அவர்.

"வந்துட்டேன்."

"இன்னும் கால் மணி நேரம் தாமதிச்சிருந்தா..." என்று இழுத்தார். அந்தப் பெண் காகிதத்தை மார்புக்குள் செருகிக்கொண்டு, வெளியே தரைக்குப் போனாள். ஹெர்மினா மேசையில் சாக்கை விரித்தாள். ஜெயித்தோம் என்று தோன்றவில்லை. காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. அன்றைக்கு நல்ல வியாபாரம். சாயங்காலம் வரை முட்டியைத் தேய்த்துக்கொண்டே விற்றாள்.

செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பியபோது, படகு முனையைத் தாண்டுவதற்கு முன்பே நாற்றம் வந்தது. துறைப்பாலத்தில் கிளோத்தில் மூக்கில் துணியோடு நின்றாள்.

"குழி தோண்டிப் புதைச்சாங்கடி" என்றாள். "முடிஞ்சத உப்புப் போட்டாங்க. முடிஞ்சத தின்னாங்க. மூணு வேளையும் பாரைதான், எங்க வீட்டுப் பூனகூடத் திரும்பிப் படுத்துக்கிச்சு. மிச்சமெல்லாம் குழியில. வயித்தெரிச்சல் எதுல தெரியுமா? வெள்ளிக்கிழம மத்தியானமே ரோடு தொறந்துட்டாங்க. லாரி ஐஸோட வந்து நின்னுச்சு. மீன் ஏற்கெனவே நாறிக் கெடக்கு. லாரிக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போனான்."

ஹெர்மினா பாலத்தின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஒக்தாவ் என்ன சொன்னான்?"

"தோணிச்சு, இழுக்கச் சொன்னேன்னான். அதையே சொல்லிட்டிருக்கான். மூள கலங்கிருச்சுன்னு பேசிக்கிறாங்க. இப்ப வாதாமரத்தடியில கூடியிருக்காங்க. சம்மாட்டிய மாத்தப் போறாங்களாம்."

"இப்பவா?"

"இப்பதான். நீ வீட்டுக்குப் போய்ப் படு. மூஞ்சியப் பாரு, செத்த மீன் மாதிரி இருக்கே. உம் பேரு எங்கயும் வரல. நீ ஏன் போய் மாட்டிக்கிற?"

வீட்டுக்குப் போகத்தான் அவளுக்கும் ஆசை. இரண்டு இரவு தூங்கவில்லை. உடம்பெல்லாம் உப்பு. படகின் ஆட்டம் கால்களிலிருந்து இன்னும் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும், கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதோடு முடிந்துவிடும். முப்பது வருஷம் ஒரு தப்பும் இல்லாமல் வலை நடத்தியவனுக்கு அந்தப் பெயர்தான் மிஞ்சும். அவள் பையைக் கிளோத்திலிடம் கொடுத்துவிட்டு வாதாமரத்துக்குப் போனாள்.

பதினெட்டு வீட்டு ஆட்களும் இருந்தார்கள். ஒக்தாவ் தரையில் உட்கார்ந்திருந்தான். டிட்டூஸ் நின்றுகொண்டு, கெஞ்சுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு நான் சொல்லலண்ணே. ஏன் இழுக்கச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

"தோணிச்சு."

"நான்தான் கேட்டேன்" என்றாள் ஹெர்மினா.

எல்லோரும் திரும்புவார்கள், சலசலப்பு வரும், நாலு பேர் திட்டுவார்கள் என்று அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா" என்றான் டிட்டூஸ்.

"தெரியுமா?"

வலை இழுக்கிறவர்களில் மூத்தவளான ஒரு பெண் குறுக்கே பேசினாள். "ஆறு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவ, பட்டப்பகல்ல கரை முழுக்க நடந்து வர்றே. நாங்க என்ன குருடா?"

"அப்ப என்னைத் திட்டுங்க. அவன ஏன் கேக்குறீங்க?"

டிட்டூஸ் தலையைச் சொறிந்தான். "நீங்க கேட்டதுல தப்பே இல்லக்கா. யாரு வேணா வந்து கேக்கலாம். முடியாதுன்னு சொல்லத்தான் சம்மாட்டின்னு ஒருத்தர வெச்சிருக்கோம். பதினெட்டு வீட்டு மீன ஒரு வீட்டுக்குக் குடுத்துட்டாரு. நாளைக்கு நானே போய்க் கேட்டா எனக்குக் குடுப்பாரா?"

டிட்டூஸ் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அநியாயமாக ஏதாவது பேசியிருந்தால் அவளும் வாய் கிழியக் கத்தியிருப்பாள். ஒக்தாவ் ஒருதரம் தலையாட்டினான். மடியிலிருந்த சங்கை எடுத்து டிட்டூஸின் கையில் வைத்தான். டிட்டூஸ் அழுதான், வாங்கிக்கொண்டான். கூட்டம் கலைந்தது.

மரத்தடியில் இருவரும் மிஞ்சினார்கள்.

"முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், குரல் உடைந்துவிட்டது. "என்னைத் திட்டித் துரத்தியிருக்கலாம்ல? நான் உனக்கு யாரு?"

அவன் மணலைக் கையில் அள்ளிச் சிந்தவிட்டுக்கொண்டிருந்தான்.

"பதினாலு வருஷம் சேந்து இருந்தோம். நீ எங்கிட்ட ஒன்னுகூடக் கேட்டதில்ல. மூட்டையக்கூட நீயேதான் தூக்குவே. வந்து கேட்டதும் எனக்கு வேற எதுவும் ஓடல." கையிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, "மேச இருக்குல்ல?" என்று கேட்டான்.

"இருக்கு."

"அப்ப சரி."

எழுந்து, பின்புறத்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான். கொட்டகைப் பக்கம் போகவில்லை, வீட்டுப் பக்கம் போனான். அவனுக்கு இனிக் கொட்டகையில் என்ன வேலை?

ஒரு விஷயம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இரவு, திரும்பி வரும் படகில், தார்ப்பாய்க்கு அடியில் தூக்கம் வராமல் கிடந்தபோது ஒரு முடிவு எடுத்திருந்தாள். கிறிஸ்துமஸோடு இதைக் கைகழுவிவிடுவது, இனி உடம்பு தாங்காது. அந்த மூன்றாவது மேசையை, இடுப்பில் குழந்தையோடு நின்றாளே, அவளுக்கே கொடுத்துவிடச் சொல்லிவிடுவது. முடிவெடுத்ததும் அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் படகில் அவள் அப்படி நிம்மதியாகப் படுத்திருந்ததில்லை. அது திங்கட்கிழமை. அப்போது அவளுக்குக் குழியும் தெரியாது, கூட்டமும் தெரியாது.

இப்போது அதை எப்படி விடுவது? ஒருவன் தன் இடத்தையே தூக்கிக் கொடுத்து அவளுக்கு வாங்கித் தந்த மேசை. முட்டி வலிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று அதை விட்டுவிட்டு வந்து எந்த முகத்தோடு அவன் வீட்டு வாசலைத் தாண்டி நடப்பாள்?

புதன்கிழமை மலையேறிச் சரக்குப் பிடித்தாள். வியாழக்கிழமை குடாவில் வலை இல்லை, படகு நேரத்துக்கு உள்ளே வந்தது. "இந்த வாரமாவது லீவு போடுவீங்கன்னு நெனச்சேன் ஹெர்மினாக்கா" என்றார் கேப்டன் எவரார்ட். "இனிமே எனக்கு லீவு கெடையாது தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய கையைப் பிடித்து அவள் மேலே ஏறினாள்.